லேப்டாப் ஸ்லோ, விண்டோஸ் 10 சப்போர்ட்டும் முடிஞ்சிருச்சு, புதுசு வாங்கித்தான் ஆகணுமா?

நீங்க கேட்டது இதுதான்: 2016-ல வாங்கின லேப்டாப், இன்டெல் ஐ5 ஆறாவது ஜெனரேஷன், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் பண்ணி டெஸ்க்டாப் வந்ததுக்கப்புறமும் ரொம்ப நேரம் எதையும் தொட முடியல, இப்போ கூடவே சப்போர்ட் முடிஞ்சதுன்னு மெசேஜ் வேற வருது. பசங்க படிப்பு, மெயில், பில் கட்டுறது, இவ்வளவுக்குத்தான் யூஸ். புதுசு வாங்கிடலாமா, வாங்கினா பழசை என்ன பண்றது, யாருக்காவது குடுத்தா அதுல இருக்கிற ஃபோட்டோ எல்லாம் வெளிய போகுமா?

இப்போதைக்கு வாங்க வேணாம்ங்க. ரெண்டு தனித்தனி பிரச்சனையை ஒண்ணாப் போட்டு யோசிக்கிறதாலதான் இது பெருசாத் தெரியுது. ஸ்லோவா ஓடுறது ஒண்ணு, சப்போர்ட் முடிஞ்சது இன்னொண்ணு, ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கு ஃப்ரீ அப்டேட் நின்னுச்சே தவிர, உங்க மெஷினோட வேகத்தை யாரும் குறைக்கல. 13-ஆம் தேதி எப்படி ஓடிச்சோ 15-ஆம் தேதியும் அப்படியேதான் ஓடியிருக்கும். அது பல வருஷமாவே ஸ்லோ, இந்த மெசேஜ் வந்ததும்தான் பழி எல்லாம் ஒரே இடத்துல போய் விழுது.

முதல்ல ஸ்லோ விஷயம். ஆன் பண்ணின உடனே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்குங்க, டாஸ்க் மேனேஜர் வரும். சின்னதா ஒரு பாக்ஸ் மட்டும் வந்தா கீழ 'மோர் டீடெயில்ஸ்' கிளிக் பண்ணுங்க. மேல சிபியு (ப்ராசஸர்), மெமரி, டிஸ்க்னு தலைப்பு இருக்கும், அதுல டிஸ்க் மட்டும் 100 சதவீதத்துல சிவந்து நிக்கும், சிபியு பாட்டுக்கு 15, 20-ல சும்மா இருக்கும்னு நினைக்கிறேன். உங்க கான்ஃபிகரேஷன்ல பத்துக்கு ஒன்பது கேஸ் அப்படித்தான். அப்படின்னா உங்க ப்ராசஸர் கிழவனாகல, அது ஹார்ட் டிஸ்க்குக்காக காத்துக்கிட்டு நிக்குது.

ஏன் அப்படின்னா, லேப்டாப்ல வர்ற ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுத்து சுத்துறது, அதாவது செகண்டுக்கு 90. உள்ள ஒரு தட்டு சுத்தும், ஒரு கை நகர்ந்து போய் தேவையான இடத்துல நிக்கும், அந்த இடம் சுத்தி வர்ற வரைக்கும் காத்திருந்து படிக்கும். ஒரு பெரிய சினிமா ஃபைலை வரிசையா படிக்கச் சொன்னா செகண்டுக்கு 100 எம்பி கிட்ட வேகமா படிச்சிரும், அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா விண்டோஸ் ஸ்டார்ட் ஆகும்போது கேக்கறது ஆயிரக்கணக்கான குட்டி குட்டி ஃபைல், ஒவ்வொண்ணும் தட்டுல ஒவ்வொரு மூலையில, ஒவ்வொண்ணுக்கும் அந்தக் கை நகரணும், தட்டு சுத்தி வரணும், செகண்டுக்கு நூறு எடுத்தாலே பெரிய விஷயம். அதே சமயம் விண்டோஸ் கூடவே வர்ற ஆன்டிவைரஸ் டிஃபெண்டரோட ஸ்கேன், அப்டேட் செக், சர்ச் இண்டெக்ஸிங், நீங்க எப்பவோ போட்ட நாலு ஆப்போட ஸ்டார்ட்அப், எல்லாம் ஒரே வாசல்ல முட்டிக்கிட்டு நிக்கும். எஸ்எஸ்டின்னா ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா போடுற சிப் டிஸ்க், அதுல சுத்துற தட்டே கிடையாது, கை நகர்ற வேலையும் இல்ல, சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே (ஹார்ட் டிஸ்க் மாட்டுற அதே கனெக்ஷன்ல மாட்டுறது) செகண்டுக்கு பல்லாயிரக்கணக்குல அந்த மாதிரி குட்டி ரீட் பண்ணும். அதனாலதான் எஸ்எஸ்டி மாத்தினவங்க எல்லாம் புது லேப்டாப் மாதிரி இருக்குன்னு சொல்றாங்க, அது மிகைப்படுத்தி சொல்றது இல்ல.

உங்க மாடல்ல அனேகமா 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும், அதே இடத்துல 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உக்காரும். சில மாடல்ல குச்சி மாதிரி சின்ன எஸ்எஸ்டி மாட்டுற எம்.2 ஸ்லாட்டும் இருக்கும், ஆனா அங்க ஒரு சிக்கல், பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சிலது சாட்டா மட்டும் எடுக்கும், சிலது சாட்டாவை விட வேகமான என்விஎம்இ மட்டும் எடுக்கும், சிலது ரெண்டும் எடுக்கும். லேப்டாப் அடியில இருக்கிற மாடல் நம்பரை வச்சு அந்த கம்பெனி சர்வீஸ் மேனுவலை எடுத்துப் பார்த்துட்டு வாங்குங்க. சைஸ் 256 ஜிபி போதும், ஃபோட்டோ நிறைய இருந்தா 500. இதுக்கு விலை உயர்ந்த ஹை ஸ்பீட் மாடல் எல்லாம் தண்டம், உங்க லேப்டாப்போட சாட்டா போர்ட் செகண்டுக்கு 550 எம்பி கிட்டத்தான் தாங்கும்.

அடுத்தது ராம். 4 ஜிபி இன்னைக்கு பத்தாது, பிரவுசர்ல பத்து டேப் திறந்தாலே காலி, அப்புறம் மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்ல எழுதி எழுதி படிக்கும், டிஸ்க் ஏற்கெனவே திணறிக்கிட்டு இருக்கு. 8 ஜிபி ஆக்கினா உங்க வேலைக்கு தாராளம். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், அதுல மெமரி போனா எத்தனை ஸ்லாட் இருக்கு, எத்தனை யூஸ்ல இருக்குன்னு காட்டும். கவனிக்க வேண்டியது, ஆறாவது ஜெனரேஷன் இன்டெல்ல சில லேப்டாப்ல டிடிஆர்4 வகை ராம், சிலதுல டிடிஆர்3எல் வகை, மாத்தி வாங்கினா ஸ்லாட்டுக்குள்ளயே போகாது. அதே பக்கத்துல ஸ்பீட் 1600-னு இருந்தா அனேகமா டிடிஆர்3எல், 2133-னு இருந்தா டிடிஆர்4. 2025 கடைசியில இருந்து ராம் விலை ஏறிக்கிட்டே போகுது, ஏஐ டேட்டா சென்டருக்கு மெமரி எல்லாம் அள்ளிக்கிட்டு போறாங்க, க்ரூஷியல்னு வீட்டு யூசருக்கு ராம், எஸ்எஸ்டி வித்துக்கிட்டு இருந்த மைக்ரான் கம்பெனி அந்த பிராண்டையே மூடப்போறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சிருச்சு. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா முதல்ல எஸ்எஸ்டி போடுங்க, ராம் அப்புறம் பார்த்துக்கலாம்.

கழட்டுறதுக்கு முன்னாடி பேக்கப். ஃபோட்டோ, டாகுமெண்ட், பிரவுசர் பாஸ்வேர்டு, புக்மார்க் எல்லாம் வெளி டிஸ்க்ல ஒரு காப்பி, முக்கியமானது மட்டும் கிளவுட்ல இன்னொரு காப்பி. பத்து வருஷ ஹார்ட் டிஸ்க், எப்ப போகும்னு சொல்ல முடியாது, எஸ்எஸ்டி மாத்தப் போறீங்களோ இல்லையோ இதை இன்னைக்கே பண்ணிடுங்க. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, டிஸ்க்கோட ஹெல்த்தைக் காட்டும், 'காஷன்'னு மஞ்சள்ல காட்டினா வேற வேலை எதையும் பார்க்காம முதல்ல காப்பி எடுங்க.

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் பண்ணலாம், குளோன்ஸில்லா மாதிரி ஃப்ரீ டூல் இருக்கு, ஆனா பத்து வருஷக் குப்பையும் சேர்ந்து வரும். நான் ஃப்ரெஷ்ஷா இன்ஸ்டால் பண்ணத்தான் சொல்வேன். 8 ஜிபி பென்டிரைவ் போதும், மைக்ரோசாஃப்ட் சைட்ல மீடியா கிரியேஷன் டூல் கிடைக்கும். லைசென்ஸ் கீ எங்கன்னு தேட வேணாம், ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன மெஷின்னா லைசென்ஸ் மதர்போர்டோட சேர்ந்து பதிவாயிருக்கும், கீ கேட்கிற இடத்துல 'ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ' குடுத்து, முன்னாடி இருந்த அதே எடிஷனை, ஹோம்னா ஹோம், ப்ரோன்னா ப்ரோ, செலக்ட் பண்ணினா நெட் கனெக்ட் ஆனதும் தானா ஆக்டிவேட் ஆயிரும்.

எஸ்எஸ்டி வாங்குற வரைக்கும் சமாளிக்கணும்னா டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் டேப் போய் தேவையில்லாததை டிஸேபிள் பண்ணுங்க, சேட் ஆப், மியூசிக் ஆப், பிரிண்டர் கம்பெனியோட அப்டேட்டர், எதுவும் கூடவே ஸ்டார்ட் ஆகணும்னு அவசியமில்ல. இன்னொண்ணு, விண்டோஸ் 10, 11-ல ஷட்டவுன் பண்றது முழு ஷட்டவுன் இல்ல, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு ஆன்ல இருந்தா சிஸ்டத்தோட உள்பகுதியை டிஸ்க்ல சேமிச்சு வச்சு மறுபடி அதையே எடுத்து ஓட்டும், தினமும் ஆஃப் பண்றேனேன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருப்பீங்க, உள்ள அது வாரக்கணக்குல ஓடிக்கிட்டு இருக்கும். ஏதாவது கிறுக்குத்தனமா நடந்தா ஷட்டவுன் இல்ல, ரீஸ்டார்ட் குடுங்க, அதுதான் சுத்தமா ஆரம்பிக்கும்.

இந்த ரிஜிஸ்ட்ரி கிளீனர், பிசி பூஸ்டர், டிரைவர் அப்டேட்டர் பக்கம் தயவுசெஞ்சு போகாதீங்க. ஒண்ணுகூட வேகத்தைக் கூட்டாது, ஸ்டார்ட்அப்ல தானே போய் உக்காந்துக்கிட்டு இன்னும் ஸ்லோ ஆக்கும், சிலது வேற எதையாவது கூடவே கூட்டிட்டு வரும். டிரைவர் வேணும்னா விண்டோஸ் அப்டேட், இல்லைன்னா லேப்டாப் கம்பெனி சைட், வேற எங்கயும் வேணாம். "உங்க கம்ப்யூட்டர்ல 37 வைரஸ், உடனே இந்த நம்பருக்கு கால் பண்ணுங்க"ன்னு பிரவுசர்ல சத்தத்தோட வர்றது வெறும் வெப் பேஜ்தான், எஃப்11 அமுக்கினா ஃபுல் ஸ்க்ரீன்ல இருந்து வெளிய வரும், அப்புறம் ஆல்ட், எஃப்4 சேர்த்து அமுக்கி மூடுங்க, மூடலைன்னா டாஸ்க் மேனேஜர்ல பிரவுசரைக் கொல்லுங்க. சப்போர்ட் முடிஞ்ச செய்தியை வச்சே இப்போ இந்த மாதிரி ஏமாத்து வேலை நடக்கும், மைக்ரோசாஃப்ட் யாருக்கும் தானா கால் பண்ணி உங்க விண்டோஸ் எக்ஸ்பயர் ஆச்சுன்னு சொல்லாது.

இப்போ ரெண்டாவது பிரச்சனை. சப்போர்ட் முடிஞ்சதுன்னா மெஷின் நிக்காது, புதுசா கண்டுபிடிக்கிற பாதுகாப்பு ஓட்டையை இனிமே அடைக்க மாட்டாங்க, அவ்வளவுதான். ஆனா அந்த அவ்வளவுதான்கிறது சின்ன விஷயம் இல்ல. 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒரு ரேன்சம்வேர், அதாவது ஃபைலை எல்லாம் பூட்டி வச்சு காசு கேக்கற புரோகிராம், 150 நாடுகளுக்கு மேல பரவிச்சு, பிரிட்டன்ல ஆஸ்பத்திரிகள்ல அப்பாயின்ட்மென்ட் எல்லாம் கேன்சல் பண்ற நிலைமை வந்துச்சு. அது நுழைஞ்ச ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கிற அப்டேட், விட்டிருந்துச்சு, மாட்டினதுல பெரும்பாலானது அப்போ சப்போர்ட்ல இருந்த விண்டோஸ் 7 மெஷின்தான், யாரும் அப்டேட் போடல. பேட்ச் இருந்தும் போடாதவங்க கதி அது, பேட்ச்சே வராத மெஷின்ல பேங்க் வேலை பார்க்கிறது சரியில்ல.

அதுக்கு சுலபமான வழி இஎஸ்யு, எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்ஸ். வீட்டு யூசருக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி பேட்ச் மட்டும் வரும், புது வசதி எதுவும் வராது, நமக்கு அது வேணவும் வேணாம். விண்டோஸ் 10 22எச்2 வெர்ஷன்ல இருக்கணும், அட்மின் உரிமை உள்ள மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேணும், செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட் போனா 'என்ரோல் நவ்'னு ஒரு லிங்க் இருக்கும். மூணு வழி குடுக்குறாங்க: விண்டோஸ் பேக்கப் மூலமா செட்டிங்ஸை சிங்க் பண்ணா ஃப்ரீ, மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் பாயிண்ட் 1,000 குடுத்து வாங்கலாம், இல்ல காசு கட்டலாம். முதல் வழியே போதும். அதுல ஒரு கண்ணி இருக்கு, பேக்கப் ஆன் பண்ணும்போது டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டரையும் ஒன்டிரைவ்க்கு ஏத்தட்டுமான்னு கேக்கும், ஃப்ரீயா கிடைக்கிறது 5 ஜிபிதான், ரெண்டு நாள்ல ரொம்பி "இடம் இல்ல, காசு கட்டு"ன்னு தினமும் நச்சரிக்கும். ஃபோல்டரை எல்லாம் ஆஃப் பண்ணிட்டு செட்டிங்ஸ் மட்டும் விடுங்க, இஎஸ்யுக்கு அது போதும். இந்த வேலையை எஸ்எஸ்டி மாத்தி ஃப்ரெஷ் இன்ஸ்டால் முடிச்சதுக்கு அப்புறம் பண்ணினா ஒரே தடவையில முடிஞ்சிரும்.

டிஃபெண்டருக்கு 2028 அக்டோபர் வரைக்கும் வைரஸ் டெஃபனிஷன் வரும்னு சொல்லியிருக்காங்க, அதைக் கேட்டுட்டு அப்புறம் இஎஸ்யு எதுக்குன்னு சிலர் கேக்கறாங்க. ஆன்டிவைரஸ் வாசல்ல நிக்கிற வாட்ச்மேன், பேட்ச்ங்கிறது உடைஞ்ச சுவரை அடைக்கிறது, ஒண்ணு இன்னொண்ணுக்கு பதிலாகாது. பிரவுசரையும் எப்பவும் லேட்டஸ்ட்டா வச்சுக்கோங்க, வீட்டு மெஷினுக்கு வர்ற தொல்லை நிறைய பிரவுசர் வழியாத்தான் வருது. ஆஃபீஸ் 2016, 2019 வச்சிருந்தா அதுக்கும் அதே 2025 அக்டோபர் 14-லயே சப்போர்ட் முடிஞ்சிருச்சு, இதை யாரும் பெருசா பேசல. தெரியாத ஆள் அனுப்பின வேர்டு, எக்செல் ஃபைலை அதுல திறக்காதீங்க, லிப்ரேஆஃபீஸ் ஃப்ரீ, பசங்க ப்ராஜெக்ட்டுக்கு அது தாராளம்.

விண்டோஸ் 11 போடலாமேன்னா, உங்க மெஷினுக்கு முறைப்படி கிடையாது. டிபிஎம் 2.0 (பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (ஸ்டார்ட் ஆகும்போதே பாதுகாப்பு செக் பண்ற) வசதி, 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க் இதெல்லாம் போக ப்ராசஸர் இன்டெல்ல பொதுவா எட்டாவது ஜெனரேஷன், ஏஎம்டில ரைசன் 2000 சீரிஸ்ல இருந்துதான் லிஸ்ட்ல இருக்கு. உங்களுது ஆறாவது. ரூஃபஸ் மாதிரி டூல் வச்சு அந்த செக்கைத் தாண்டி இன்ஸ்டால் பண்ற வழி இருக்கு, நிறைய பேர் பண்ணி ஓட்டிக்கிட்டும் இருக்காங்க, ஆனா அந்த மாதிரி மெஷினுக்கு அப்டேட் வரும்னு உத்தரவாதம் இல்லைன்னு மைக்ரோசாஃப்ட் தெளிவாவே சொல்லியிருக்கு, வருஷா வருஷம் வர்ற பெரிய வெர்ஷன் அப்டேட்டையும் நீங்களே கையால போடணும். கம்ப்யூட்டரை நோண்டுறது பொழுதுபோக்குன்னா பண்ணுங்க, குடும்பமே நம்பி இருக்கிற ஒரே லேப்டாப்ல வேணாம்.

எட்டாவது ஜெனரேஷன் அல்லது அதுக்கு மேல வச்சிருந்தும் 'நாட் சப்போர்ட்டட்'னு வந்தவங்க இதைப் படிச்சா: அனேகமா டிபிஎம் பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற மெஷினோட செட்டிங்ஸ்) ஆஃப்ல இருக்கும். இன்டெல்ல பிடிடின்னும் ஏஎம்டில எஃப்டிபிஎம்னும் பேர் போட்டிருக்கும், அதை ஆன் பண்ணா போதும். ஆனா பயாஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி டிஸ்க்கையே பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பேஜ்ல இருந்து எடுத்து பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. அந்த 48 இலக்க நம்பர் இல்லைன்னா டிஸ்க்ல இருக்கிறதை யாராலயும் திறக்க முடியாது. விண்டோஸ் 11 24எச்2-ல இருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணினா இந்த டிஸ்க் பூட்டு (என்க்ரிப்ஷன்) தானாவே ஆன் ஆயிடுது, ஆன் ஆனதே தெரியாம இருக்கிறவங்க நிறைய.

இஎஸ்யு முடிஞ்சதுக்கு அப்புறம் என்னன்னா, உங்க யூஸுக்கு விண்டோஸுக்கு பதிலா போடுற லினக்ஸ் மின்ட்ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் நல்லாவே ஒத்து வரும். மின்ட் 22 சீரிஸுக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு, காசு கிடையாது, ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் விண்டோஸ் மாதிரியே இருக்கும். இன்ஸ்டால் பண்ணாமலேயே பென்டிரைவ்ல இருந்து ஓட்டிப் பார்க்கலாம், வைஃபை, சவுண்ட், வெப்கேம், முக்கியமா பிரிண்டர் வேலை செய்யுதான்னு அதுலயே செக் பண்ணிடுங்க. தமிழ் டைப்பிங்க்கு தமிழ்99, ஃபொனெட்டிக் ரெண்டும் ஐபஸ்ல (லினக்ஸ்ல மொழி கீபோர்டு சேர்க்கிற டூல்) சேர்த்துக்கலாம். ஒத்து வராதது என்னன்னா ஆஃபீஸ் 365 டெஸ்க்டாப் ஆப், ஃபோட்டோஷாப், அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் சிலது. இதெல்லாம் வீட்டுல யாருக்காவது வேணும்னா லினக்ஸ் எடுக்காதீங்க, பாதி நாள் சண்டைதான் நடக்கும்.

எப்போ நிஜமாவே புதுசு வாங்கணும்? பேட்டரி உப்பி டச்பேட் மேல தூக்கிட்டு வந்தா அன்னைக்கே நிறுத்துங்க, சார்ஜ் போடாதீங்க, அது தீப்பிடிக்கிற விஷயம். ராம் போர்டுலயே சால்டர் பண்ணி, டிஸ்க்கும் போர்டுலயே ஒட்டின 32 அல்லது 64 ஜிபி இஎம்எம்சி சிப்பா இருக்கிற லேப்டாப்ல மாத்த ஒண்ணுமே இல்ல, அதுல செலவு பண்ணாதீங்க. ஹின்ஜ் உடைஞ்சு, ஸ்க்ரீன் கோடு விழுந்து, கீபோர்டும் போயிருந்தா ஒவ்வொண்ணா மாத்துற செலவு கூடிப் போயிரும். வாங்கும்போது ப்ராசஸர் பேருக்கு மயங்காம 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி இருக்கான்னும், பின்னாடி ராம் கூட்ட ஸ்லாட் இருக்கான்னும் பாருங்க. ஏஐ பிசின்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்க, பில் கட்டவும் மெயில் பார்க்கவும் அதால உங்களுக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்ல.

பழசைக் குடுத்தா ஃபோட்டோ எல்லாம் வெளிய போகுமான்னு கேட்டீங்கல்ல, டெலிட் பண்ணி ரீசைக்கிள் பின்னை காலி பண்றதோ, சும்மா ஃபார்மேட் பண்றதோ போதாது, ஃப்ரீ ரெக்கவரி டூல் வச்சே திரும்ப எடுத்துருவாங்க. லேப்டாப்பைக் குடுக்கணும்னா செட்டிங்ஸ்ல ரிக்கவரி போய் 'ரீசெட் திஸ் பிசி', 'ரிமூவ் எவ்ரிதிங்', அதுக்குள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்'ல 'கிளீன் டேட்டா'வை ஆன் பண்ணிட்டு ஓட விடுங்க. ஹார்ட் டிஸ்க்ல இதுக்கு மணிக்கணக்கா ஆகும், சார்ஜரை மாட்டி ராத்திரி விட்டுடுங்க. அப்புறம் மைக்ரோசாஃப்ட், கூகுள் அக்கவுண்ட்ல டிவைஸ் லிஸ்ட்டுல இருந்து அந்த லேப்டாப்பை எடுத்துடுங்க. எஸ்எஸ்டி மட்டும் மாத்தினா பழைய ஹார்ட் டிஸ்க்கை யாருக்கும் குடுக்கவே வேணாம், 2.5 இன்ச் யூஎஸ்பி கேஸ் ஒண்ணு வாங்கி உள்ள போட்டா வெளி டிஸ்க்காயிரும், ஹெல்த் 'குட்'னு காட்டுற வரைக்கும் ரெண்டாவது பேக்கப்புக்கு வச்சுக்கலாம், ஒரே பேக்கப்பா மட்டும் அதை நம்பிடாதீங்க.